அணைக்கக் கூடாத ஸ்விட்ச்

அறையை விட்டு வெளியேறும்போது அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். இடது கை மட்டும் தானாகப் பின்னால் போகும். ஸ்விட்ச் போர்டின் கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசை வரை, சமையல் மேடையில் சிந்திய மாவை வழிப்பதுபோல உள்ளங்கையால் ஒரே வழிப்பு. விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் அடங்கிவிடும். உள்ளே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "அடடா, உள்ளதான் இருக்கீங்களா?" என்பார். ஆனால் மறுபடி போட மாட்டார். "ஜன்னல் வழியா வெளிச்சம் வருதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், அவருடைய வீட்டு மாடியில் நாங்கள் இரண்டாயிரத்து நான்கு முதல் ஒன்பது வரை வாடகைக்கு இருந்தோம். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நூலகர். அவருடைய கணவர் மார்க்கெட்டில் கைலி, துண்டு, போர்வை விற்கும் கடை வைத்திருந்தார். தெருவில் எல்லாரும் அவரைப் பாய் என்றார்கள், நானும் அப்படித்தான். அந்த அம்மாளை நான் அக்கா என்று அழைத்தேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஒரே மகள் கல்யாணமாகி நியூஜெர்சியில் இருந்தாள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

அக்கா கஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. பெருநாளைக்கு மாடிக்கு வரும் பிரியாணிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருக்கும். கேட்டுக்கு வெளியே யார் வந்து நின்றாலும் வெறும் கையோடு திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. மின்சாரம் மட்டும் வேறு விஷயம். பாய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"ரீடிங் எடுக்க வந்தவன் மீட்டரப் பாத்துட்டு, வீடு காலியா இருக்கா பாய்னு கேக்கறான் சார். உள்ளதான்பா குடும்பம் நடத்தறோம்னேன். நம்ப மாட்டேங்கறான்."

"நீங்க கடையில வெட்டியா மூணு ட்யூப்லைட் எரிக்கறீங்களே, அதச் சொல்லுங்க சார்கிட்ட" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் யாருக்கு சுத்துது? ஷைத்தானுக்கா?"

முதல் வருடம் ரமலானில் ஒரு மாலை, நோன்புக் கஞ்சி எடுத்துக்கொண்டு அவரே மாடிக்கு வந்தார். பீர்க்கன்கரணை ஏரியைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரத்தை வைத்தார், கஞ்சியில் இஞ்சி தூக்கலாகிவிட்டது என்றார், வாசலைத் தாண்டும்போது இடது கை பின்னால் போயிற்று. திரை கறுத்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி, எந்திரிச்சிட்டீங்க?"

"அக்கா, கம்ப்யூட்டர்ல எழுதிக்கிட்டு இருந்தேன்..."

"அதுக்கும் கொஞ்ச நேரம் ரெஸ்ட் வேணாமா? கஞ்சி ஆறிடும், குடிங்க."

மறுநாளே, ஸ்விட்ச் அணைந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யு.பி.எஸ். ஒன்று வாங்கிக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததை அக்காவின் உறவுக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் உறவுக்காரப் பிள்ளை ஒன்றைத் தூங்கவைத்துவிட்டு வெளியே வந்த அக்கா, வழக்கம்போலக் கதவருகே இருந்த போர்டை வழித்துவிட்டார். அது மேடைக்கான போர்டு. மாப்பிள்ளைக்கு மாலை போடும் நேரத்தில் மேடை முழுக்க இருண்டது.

"யாரும்மா லைட்ட ஆஃப் பண்ணது?" என்று வீடியோக்காரர் கத்தினார்.

"பட்டப்பகல்ல எதுக்குப்பா இவ்ளோ லைட்டு? மாப்பிள்ள கருகிடப் போறாரு" என்றார் அக்கா. மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, சந்தேகம் கேட்டவரைப் போலப் பதிலுக்குக் காத்து நின்றார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. "வேலை முடிஞ்சா அது அது தூங்கணும் தம்பி. முழிச்சிக்கிட்டே இருந்தா எதுவும் கெட்டுப்போகும்." அவ்வளவுதான். கரண்ட் போனால் எங்கள் பகுதியில் எல்லாருமே ஸ்விட்சுகளை அணைத்து வைப்போம். திரும்ப வரும்போது எந்த வேகத்தில் வரும் என்று சொல்ல முடியாது, இரண்டு வீட்டில் டி.வி. புகைந்திருக்கிறது. அக்கா கரண்ட் இருக்கும்போதும் அதையே செய்தார்.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் பாப்பா உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு அக்கா போவதாக இருந்தது. பாய் ஸ்வெட்டர் வாங்கி வந்தார். விசா கிடைக்கவில்லை. காலையில் நேர்காணலுக்குப் போனவர்கள் மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். "விட மாட்டாங்களாம் தம்பி" என்றார் அக்கா. ஸ்வெட்டரை மடித்துப் பீரோவில் வைத்தார். அதைப் பற்றி அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சில்லை.

அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பெட்டி வந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்த தோழி ஒருத்தியிடம் பாப்பா கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம். ஒரு பக்கம் இணைய வயர், இன்னொரு பக்கம் சாதாரண டெலிபோன். அதற்கு ஓர் அமெரிக்க நம்பர் உண்டு. சேலையூரில் செருகி வைத்தாலும் அது நியூஜெர்சி போன்தான். பாப்பா தன் வீட்டிலிருந்து அடித்தால் உள்ளூர் அழைப்பு, எவ்வளவு நேரம் பேசினாலும் ஒன்றும் ஆகாது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதை மாட்ட உட்கார்ந்தேன். பாப்பா படித்த காலத்துக் கணினி கூடத்து மூலையில் இருந்தது, பிராட்பேண்டும் அவள் வற்புறுத்திப் போட்டதுதான். சப்பை முள் வைத்த அமெரிக்க பிளக் நம் ஊர் ஓட்டையில் ஏறவில்லை. கேம்ப் ரோடு போய் அதற்கு ஒரு மாற்று பின் வாங்கி வந்தேன். எல்லாம் செருகிய பிறகும் பெட்டியில் போன் விளக்கு எரியவில்லை. பாப்பா காலிங் கார்டு போட்டுப் வீட்டின் பழைய போனுக்கு அழைத்தாள்.

"அங்கிள், மூணாவது லைட் எரியுதா?"

"இல்லம்மா. ரெண்டுதான்."

"கம்ப்யூட்டர்ல யூசர்நேம் போட்டு கனெக்ட் பண்ணாதான் நெட் வருதா?"

"ஆமா."

"அதான் பிரச்சினை. மோடமே தானா கனெக்ட் ஆகணும். கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் நெட் இருக்கணும். அப்பதான் பாக்ஸுக்குக் கிடைக்கும்."

மோடத்தின் உள்பக்கத்தைக் கணினியில் திறந்து, அவள் சொல்லச் சொல்ல மாற்றினேன். பெயரையும் கடவுச் சொல்லையும் மோடத்துக்குள்ளேயே எழுதி வைத்தோம். அணைத்துப் போட்டோம். மோடம் தானே இணைந்தது, பெட்டி அதைப் பிடித்துக்கொண்டது, மூன்றாவது விளக்கும் பச்சையாக நின்றது. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை லைட்டா? தர்கா சந்தனக்கூடு மாதிரி இல்ல இருக்கு."

போன் மணி அடித்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"பாப்பா... கேக்குதா? ஆமா, நல்லா கேக்குது. பக்கத்து ரூம்ல நின்னு பேசற மாதிரி இருக்குடி. சாப்ட்டியா? வாந்தி நின்னுச்சா? ...கத்தல, கத்தல. மெதுவாதான் பேசறேன்."

வெகு நேரம் பேசிவிட்டு வைத்தார். வைத்ததும் ஸ்விட்சைப் பார்த்தார்.

"இது எவ்ளோ நேரம் எரியணும் தம்பி?"

"எப்பவும் எரியணும்க்கா. அவ எப்ப கூப்பிடுவாளோ தெரியாதே."

"எப்பவும்னா?"

"இருபத்திநாலு மணி நேரமும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை, பச்சைப் பிள்ளையை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாதே என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

மூன்றாம் நாளே பாப்பாவிடமிருந்து எனக்கு மின்னஞ்சல். அங்கிள், பாக்ஸ் ஆஃப்லைன், கொஞ்சம் பாருங்க. கீழே போனேன். எக்ஸ்டென்ஷன் போர்டு அணைந்திருந்தது. போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் அதேதான். ஸ்விட்ச் மேல் ஒரு டேப் ஒட்டி, 'அணைக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதி வைத்தேன். இரண்டு நாளில் டேப் இல்லை. வீணாக்காமல் அதைத் தோட்டத்துக் குழாயின் ஓட்டையில் ஒட்டியிருந்தார், என் எழுத்து அப்படியே தெரிந்தது.

"கை போயிடுது தம்பி. வேணும்னேவா பண்றேன்? எனக்கே தெரியல" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கடைசியில் அவரே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். விடியலில் சுபுஹு தொழுததும் போடுவார், மதியச் சமையலுக்குப் போகும்போது அணைப்பார். மாலையில் அஸர் தொழுததும் போடுவார், இரவு இஷாவுக்குப் பிறகு அணைத்துவிட்டுப் படுப்பார். இதில் தவறவே மாட்டார். பாப்பா அந்த நேரத்துக்குள் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியது. நியூஜெர்சியில் இருந்தபடியே அவளுக்குச் சேலையூர்த் தொழுகை நேரம் மனப்பாடமாயிற்று.

"கலெக்டர் ஆபீஸ் மாதிரி டைம் வெச்சிருக்கா சார், பெத்த பொண்ணு பேசறதுக்கு" என்றார் பாய்.

"ஒங்க கடைக்கு மட்டும் டைம் இல்லியா?"

அந்த இரண்டு மூன்று மாதம் அப்படியே ஓடியது. காலையில் நான் பள்ளிக்கு இறங்கும்போது கூடத்தில் அக்கா போனோடு உட்கார்ந்திருப்பார். கால் வீக்கம், புளிப்பு ஆசை, மருமகன் வைத்த ரசம், இப்படித்தான் பேச்சு. என்னைப் பார்த்ததும் கையை மட்டும் தூக்கிக் காட்டுவார்.

ஏப்ரலில் ஒரு வேலை நாள். அரை நாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். பாய் கடையை அடைத்துவிட்டு நடு மதியத்தில் வந்தார். அவர் கேட்டைத் திறந்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மருமகன் பாயின் செல்லுக்கு அடித்திருக்கிறார். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. பாப்பாவுக்கு உயிருக்கு ஒன்றும் இல்லை.

உள்ளே அவர் சொன்னது என் காதில் விழவில்லை. அழுகைச் சத்தமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாய் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முந்தா நாள் பாப்பா எங்களுக்குக் கூப்பிட்டிருக்கா சார். மத்தியானம் அவளுக்கு. நமக்கு இஷா முடிஞ்சு படுத்தாச்சு. குழந்தை அசையற மாதிரி தெரியல, இப்டி இருக்குமான்னு அம்மாகிட்ட கேக்கலாம்னு. பெட்டி ஆஃப்ல இருக்கு. சரி, தூங்கறாங்க, எழுப்பி பயமுறுத்த வேணாம்னு பழைய போனுக்கு அடிக்கல. மறுநாள்தான் டாக்டர்கிட்ட போயிருக்கா."

பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"துடிப்பு எப்பவோ நின்னுடுச்சுன்னு டாக்டர் சொல்றாராம். முன்னாடியே போயிருந்தாலும் ஒண்ணும் இல்லையாம். அப்டித்தான் மாப்பிள்ள சொல்றாரு." படியிலிருந்து எழுந்தார். "இவகிட்ட இத நான் சொல்லல சார். நீங்களும் சொல்லிடாதீங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு பாப்பா முதல் தடவை அழைத்தபோது நான் அங்கே இருந்தேன். மோடம் அடிக்கடி விட்டுவிட்டு வருகிறது என்று பாய் கூப்பிட்டிருந்தார். அக்கா போனை எடுத்தார். எடுத்ததும் நிறையப் பேசினார். அல்லாஹ் நாடியது என்றார், வயசு இருக்கிறது என்றார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், தலையில் எண்ணெய் வை என்றார். திடீரென்று நிறுத்தினார். மறுமுனையில் சொன்னதைக் கேட்டார். "சரி" என்றார். போனை வைக்கவில்லை. காதிலேயே பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவள் சொன்னது இரண்டு வாக்கியம். பேசாதீங்கம்மா. வைக்காம இருங்க, போதும்.

மே மாதம் முழுக்க அப்படியே போயிற்று. பள்ளி விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன், தினமும் பார்த்தேன். அங்கே இரவு, மருமகன் தூங்கப் போன பிறகு பாப்பா அழைப்பாள். இங்கே காலை. அக்கா எடுத்து, "ம்" என்பார். அதோடு சரி. ரிசீவரை மடித்த துண்டின் மேல் வைத்துவிட்டு, அது பக்கத்திலிருக்க வெங்காயம் உரிப்பார், அரிசி களைவார், துணி மடிப்பார். சமையலறைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று நீள வயர் கேட்டார், வாங்கி வந்து போட்டேன். பாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவார். மின்விசிறி ஓடாது. அக்னி நட்சத்திர வெயிலில் அந்தக் கூடம் அடுப்பு மாதிரி இருக்கும்.

"ஃபேன் சத்தம் அவளுக்குக் கேக்கும் தம்பி" என்று வாசலுக்கு வந்து கிசுகிசுப்பாகச் சொன்னார். ஜாக்கெட் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

கரண்ட் போனால் இணைப்பு அறுந்துவிடும். ஒரு நாள் அப்படி அறுந்து, திரும்ப வந்து, பெட்டி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடிவதற்குள் அக்கா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்ததைப் பார்த்தேன். அன்று மாலை என் யு.பி.எஸ்ஸைக் கழற்றிக் கீழே கொண்டுபோய் மோடத்துக்கும் பெட்டிக்கும் சேர்த்து மாட்டினேன். "இது கத்துமா?" என்று மட்டும் கேட்டார். கரண்ட் போனால் பீப் அடிக்கும் என்றேன். அடிக்காமல் செய்ய முடியுமா என்றார். திறந்து அந்தச் சின்ன ஒலிப்பானின் வயரைப் பிடுங்கினேன்.

இரவிலும் இப்போது அந்த ஸ்விட்ச் அணைவதில்லை. மற்ற எல்லாம் முன்போலவே அணைந்தன. போர்டை வழிக்கும் கை, மோடம் இருந்த மூலைக்குப் போகவே இல்லை. மறந்தும் போகவில்லை.

யு.பி.எஸ். மாட்டிய அன்று, கருவிகளை நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். அப்போது லைனில் யாரும் இல்லை.

"அன்னிக்கு ராத்திரி கூப்பிட்டாளாமே தம்பி."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். "பாய் சொன்னாரா?"

"அவர் சொல்லல. அவளும் சொல்லல. மாப்பிள்ளைதான் ஏதோ பேசும்போது சொல்லிட்டாரு. நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல." டம்ளரை என் கையில் கொடுத்தார். "எடுத்திருந்தா மட்டும் என்ன சொல்லிருப்பேன்? கொஞ்சம் எதாவது சாப்ட்டுட்டு எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்க, காலைல அசையும்னுதான் சொல்லிருப்பேன்." அவர் குரலில் ஒன்றும் இல்லை. கரண்ட் பில் தேதியைச் சொல்வது மாதிரி சொன்னார். நான் தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மே மாதத்துக் கடைசி ஞாயிறு. மோட்டார் அறைச் சாவி வாங்கக் கீழே போயிருந்தேன். வழக்கம்போல ரிசீவர் துண்டின் மேல் கிடந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாவி ஆணியில் இருப்பதாகக் கையால் காட்டினார். தெருவில் மீன்காரர் டி.வி.எஸ். வண்டியில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். சங்கரா, நெத்திலி, வவ்வால். அந்தக் குரல் எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம் போயிற்று.

துண்டின் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. வெகு நாள் பேசாத தொண்டையிலிருந்து வருகிற சத்தம்.

"அம்மா... மீன்காரர் போயிடப் போறாரு."

அக்காவின் கையிலிருந்த கீரைக் கொத்து அப்படியே நின்றது. ரிசீவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் கொட்ட, வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினார்.

"ஏம்ப்பா! மீனு! நில்லுப்பா, நில்லு!"

மீன்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, நேத்துதானே வாங்கின?"

"நேத்து வாங்குனா இன்னிக்கு வாங்கக் கூடாதா? போடு."

"இன்னா போடட்டும்? எவ்ளோ?"

"இருக்கறத போடு."

"வூட்ல விசேஷமாம்மா? கெஸ்ட் வந்துகினு கீறாங்களா?"

 பாத்திரம் எடுத்து வரவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்து, அக்கா முந்தானையை விரித்தார். நான் ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து ஓர் அலுமினிய அன்னக்கூடையை எடுத்து வந்து நீட்டினேன். அது பாதிக்கு மேல் நிறைந்தது.

அக்கா ரிசீவருக்குப் பக்கத்திலேயே அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தார். செதில் தேய்க்கும் சத்தம் கூடத்தில் கேட்டது. மறுமுனையிலிருந்து அதன்பின் ஒன்றும் வரவில்லை. இவரும் எதையும் கேட்கவில்லை.

கடைக்குக் கிளம்பச் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே பாய் உள்ளறையிலிருந்து வந்தார். அன்னக்கூடையைப் பார்த்து நின்றார். ரிசீவர் கிடப்பதைக் கவனித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எதுக்கு இவ்ளோ மீனு? இருக்கறது ரெண்டே பேரு."

அக்கா தலை நிமிரவில்லை.

"பாப்பா வாங்கச் சொன்னா."

பாய் போட்ட பட்டன்களைக் கழற்றி, சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டு, உள்ளே போய் இன்னொரு கத்தி எடுத்து வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.